கல்லக்காவும் கட்டம் போட்ட வில்லையும்

சும்மா கிடப்பதற்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்டால், கல்லக்காவைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் கிடக்கிற அழகைப் பார்த்துக் கூட்டியும் கொடுத்தார்கள்.

அவள் வேலை பார்த்தது எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு உறுப்புகள் செய்கிற ஒரு கம்பெனியில். முழு இயந்திரத்தையும் செய்கிற அளவுக்கு அது பெரிய கம்பெனி இல்லை. தலையைச் சுற்றி மாட்டுகிற கூடு ஒன்று உண்டு, அதைக் காயில் என்பார்கள், அதைத்தான் செய்தார்கள். ஆளைக் காந்தக் குழாய்க்குள் தள்ளியதும் உடம்புக்குள்ளிருந்து முணுமுணுப்பு மாதிரி ஒரு சமிக்ஞை வருமாம். அதைக் காது கொடுத்துக் கேட்பது காயிலின் வேலை. அது கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆள் இம்மி அசைந்தாலும் போச்சு, ஈரத் தாளில் எழுதின எழுத்து மாதிரி படம் முழுக்க இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே புதுக் காயில் ஒன்று செய்தால், அதை மாட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் கிடக்க ஓர் ஆள் வேண்டும்.

கல்லக்கா முதலில் பேக்கிங் பிரிவில்தான் இருந்தாள். ஒருநாள் சோதனைக்குப் படுக்க வேண்டிய பையனுக்கு இருமல். படம் எடுக்க எடுக்க இருமித் தள்ளினான். சோதனையை நடத்திக்கொண்டிருந்த இன்ஜினியரம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கண்ணில் பட்ட முதல் ஆளிடம், "நீங்க கொஞ்ச நேரம் ஆடாம இருப்பீங்களா?" என்று கேட்டார். கண்ணில் பட்டவள் அட்டைப் பெட்டியை மடித்துக்கொண்டிருந்த இவள். அன்றைக்கு அடுத்தடுத்து எடுத்த படங்கள் அச்சு மாறாமல் ஒன்றுபோல விழ, இயந்திரம் பழைய படத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது என்று இன்ஜினியரம்மா திட்டினாராம். அவ்வளவு துல்லியம். அதிலிருந்து பேக்கிங் போச்சு, கல்லக்கா என்ற பெயர் வந்தது. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளக் கணக்கு பார்க்கிறவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

உடம்பு மட்டும் கல் இல்லை, முகமும் அப்படித்தான். சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஜோக்கடித்தால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இவள் முகத்தில் ஒரு கோடு மாறாது. "தலைக்கனம்" என்று சிலர் பேசினார்கள். பேசினவர்களுக்கு அவள் வீட்டுக் கதை தெரியாது. தெரியாமல் பேசுகிறவர்களுக்கு எந்த ஊரிலும் குறைச்சல் இல்லை.

வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி. பிறந்ததிலிருந்தே தலையும் கையும் அவன் சொன்னபடி கேட்காது. நினைத்தால் வெட்டி இழுக்கும், நினைக்காவிட்டாலும் வெட்டி இழுக்கும். சின்ன வயதில் இருவருக்கும் ஒரே படுக்கை. இவள் புரண்டு படுத்தால் அந்த அசைவில் அவன் திடுக்கிடுவான், திடுக்கிட்டால் வெட்டும், வெட்டினால் கை சுவரில் போய் அடிக்கும். அதனால் அவள் புரளாமல் இருக்கப் பழகினாள். சத்தமாகச் சிரித்தாலும் அவனுக்குத் திடுக்கிடும், சிரிக்காமல் இருக்கவும் பழகினாள். ஆசைப்பட்டு யாரும் கல் ஆவதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். படக்காரர் கருப்புத் துணிக்குள்ளிருந்து, "டேய், ஆடாதே! ஆடாதேன்னா கேக்க மாட்டியா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் இவளைக் கூப்பிட்டுத் தம்பியின் பின்னால் நிற்க வைத்து, தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். படம் வந்தது. அதில் இவளுடைய இரண்டு கைகளும் நகம் முதற்கொண்டு தெளிவாக விழுந்திருந்தன. கைகளுக்கு நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை. அந்தப் படத்தை அவன் பிறகு பார்த்ததே இல்லை, யார் படம் எடுக்க வந்தாலும் எழுந்து போய்விடுவான்.

ஆனால் குரல் ஆடாது. அதுதான் அவன் கெட்டிக்காரத்தனம். வளர்ந்ததும் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை வாங்கிக்கொண்டான். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் நிலையமே ஒரு நொடி நின்று கேட்கும். உள்ளே தலை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருப்பது வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. வீட்டிலும் அதே பாணிதான். "பயணிகளின் கவனத்திற்கு, அக்கா போட்ட டீயில் சர்க்கரை வந்து சேரவில்லை" என்பான். லாரி ஓட்டப் போய் மாதக்கணக்கில் வெளியூரில் கிடக்கிற கல்லக்காவின் புருஷன்கூட போனில் முதலில் மச்சானைத்தான் கூப்பிடச் சொல்வார்.

அந்தக் குரல்தான் கம்மிப்போக ஆரம்பித்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு தண்ணீர் குடித்தால் புரை ஏறியது. ஒருநாள் ஒரு வாய் தண்ணீர் தப்பான பக்கம் போய், முகம் நீலம் பாரித்து, கல்லக்கா முதுகில் அடித்து அடித்து மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தாள். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அன்றைக்கு அவளுக்கு அது என்னவென்று தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஆடிவிட்டான். மறுபடி எடுத்தார்கள், மறுபடி ஆடிவிட்டான். மூளை டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். மூளையின் அடித்தண்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம்.

"இங்க ஒரு கட்டி இருக்கு, அது வரைக்கும் தெரியுது. தண்டோட ஒட்டிக்கிட்டு இருக்கா, தள்ளி இருக்கான்னு தெரியல. தள்ளி இருந்தா எடுத்துடலாம். ஒட்டியிருந்தா தொடக்கூடாது. இந்த மூட்டத்துல நான் கத்தி வைக்க மாட்டேன்மா" என்றார்.

மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாமே என்றால், தம்பியின் இதயம் பலவீனம், கொடுத்தால் கண் திறப்பான் என்பதற்கு நான் பொறுப்பில்லை என்று மயக்க டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆக, ஆடாமல் இருந்தால் பிழைப்பான், அவனால் ஆடாமல் இருக்க முடியாது. ஊருக்கெல்லாம் ஆடாமல் கிடந்து காட்டுகிறவளின் தம்பிக்கு இந்த நிலைமை. கல்லக்கா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், சத்தம் கேட்டு அவன் திடுக்கிடக்கூடாதே என்று.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் இன்ஜினியரம்மா புதிதாக ஒன்றில் முனைந்திருந்தார். ஆள் ஆடினாலும் படம் கெடாமல் எடுக்கிற ஏற்பாடு. குழாய்க்குள்ளே ஒரு சின்ன கேமரா. மூக்குத்தண்டில் நகத்தளவு ஒரு வில்லையை ஒட்டுவார்கள், கருப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட வில்லை. தலை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வில்லையும் நகரும், கேமரா அதைப் பார்த்து இயந்திரத்துக்குச் சொல்லும், இயந்திரம் தன் குறியைக் கூடவே நகர்த்திக்கொள்ளும். ஓடுகிற குழந்தைக்குப் பின்னாலேயே ஓடி ஊட்டுகிற மாதிரி. இந்த வழியில் வேறு இடங்களிலும் பலர் முயன்றிருக்கிறார்கள், அவரவர்க்கு ஒரு வழி. இன்ஜினியரம்மாவின் வழி சுலபமாக ஒட்டி எடுத்துவிடலாம் என்பதில் அவருக்குப் பெருமை.

சோதனைக்குப் படுத்தது கல்லக்காதான். "வலது பக்கம் திரும்புங்க" என்றால் திரும்புவாள். "தலையாட்டுங்க" என்றால் ஆட்டுவாள். ஆட்ட ஆட்டப் படம் பளிச்சென்று விழுந்தது. மாதக்கணக்கில் பார்த்தார்கள், ஒருமுறைகூடத் தப்பவில்லை. நிஜ நோயாளிக்கு எடுத்துப் பார்க்க ஆஸ்பத்திரி அனுமதியும் கிடைத்தது. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத கல்லக்கா அன்றைக்கு இன்ஜினியரம்மாவின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"முதல் ஆளா என் தம்பிய எடுப்பீங்களா மேடம்?"

இன்ஜினியரம்மா அவளை உட்காரச் சொல்லி முழுக் கதையையும் கேட்டார். மூளை டாக்டரிடம் பேசினார். அவரும் சம்மதித்தார்.

சரி, அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்தும், தன் கைவேலையையும் சேர்த்துவிட்டால் நல்லது என்று கல்லக்காவுக்குத் தோன்றிவிட்டது. அந்த வாரம் முழுக்கத் தம்பியைக் கூடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியில் ஒரு காகிதத்தை மடித்து வைத்து, விழக்கூடாது என்றாள்.

"பல்லைக் கடிச்சுக்கோ. மூச்சைப் பிடிச்சுக்கோ. எல்லாத்தையும் இறுக்கிக்கோடா. ஆடாதே."

அவன் இறுக்கினான். அக்கா சொல்லி அவன் எதைத்தான் செய்யாமல் இருந்தான்? வியர்த்து ஊற்றியது. ஆனால் வெட்டு குறைந்தது, காகிதம் கொஞ்ச நேரம் நின்றது. கல்லக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த நாள் வந்தது. ஸ்கேன் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. காந்த அறைக்கும் கணினி அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. அங்கே இருந்த டெக்னீஷியனுக்கு அலாரம் என்று பட்டப்பெயர். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், "சாவி, காசு, ஊக்கு, பெல்ட்டு, கொண்டை ஊசி, எது இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் காந்தம் இழுத்துச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்று அலறுவதால் அந்தப் பெயர். வாய் மூடாத மனுஷன், ஆனால் கை சுத்தம்.

"மத்தியானம் வரைக்கும்தான் மெஷின் உங்களுக்கு. அப்புறம் வார்டு பேஷண்டுங்க வரிசையா இருக்காங்க. மூளை டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு, முடிச்சுட்டு நேரா இங்க வர்றேன்னாரு. வர்றப்போ படம் இருந்தா ஆச்சு. இல்லன்னா காத்திருப்போம்னு எழுதிட்டுப் போயிடுவாரு" என்றார் அலாரம்.

காத்திருப்பது என்றால் என்ன என்று கல்லக்காவுக்குத் தெரியும். இனி ஒரு வாய் தண்ணீர் தப்பான பக்கம் போனால் போதும்.

தம்பியின் மூக்குத்தண்டில் இன்ஜினியரம்மாவே வில்லையை ஒட்டினார். கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்தார்கள், முடியவில்லை என்றால் அதை அழுத்த வேண்டும், வெளியே மணி அடிக்கும். உள்ளே தள்ளினார்கள். கல்லக்கா கணினி அறையில் நின்றாள். ஒலிபெருக்கியில் அவளையும் பேசச் சொன்னார்கள்.

"ஆடாதேடா. இறுக்கிப் பிடிச்சுக்கோ" என்றாள்.

இயந்திரம் துளை போடுகிற சத்தத்தோடு ஆரம்பித்தது. ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அலாரம் உள்ளே ஓடினார், ஒன்றுமில்லை, கை வெட்டியதில் பந்து அமுங்கிவிட்டது. மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி மணி. ஒவ்வொரு மணிக்கும் கல்லக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒருவழியாக முடிந்தது. திரையில் படம் விழுந்தது.

அது படமே இல்லை. புகைக்கு மேல் புகை. முன்பு எடுத்ததில் வெள்ளை மூட்டமாவது தெரிந்தது, இதில் அதுவும் இல்லை.

"பழைய முறையே இதைவிடத் தேவலையே" என்றார் அலாரம்.

இன்ஜினியரம்மா முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கேமரா பதிவு செய்த காட்சியைத் திரையில் ஓடவிட்டார். கல்லக்காவும் எட்டிப் பார்த்தாள். தம்பியின் முகம் திரை முழுக்க இருந்தது. புருவம் நெரிந்து, மூக்கு சுருங்கி, உதடு வெளுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தில் இருக்கிற அத்தனை தசையையும் முறுக்கிக்கொண்டு கிடந்தான். மூக்கு சுருங்கும்போதெல்லாம் வில்லை துள்ளியது.

இன்ஜினியரம்மா காட்சியை நிறுத்தினார். முன்னால் ஓட்டினார், பின்னால் ஓட்டினார்.

"இங்க பாருங்க, தலை அவ்வளவா ஆடவே இல்ல. தோல்தான் ஆடுது. வில்லை தோல்லதானே ஒட்டியிருக்கு? மெஷின் அதை நம்பி, ஆடாத தலையை ஆடினதா நெனச்சு, குறியை இழுத்து இழுத்துக் கெடுத்திருக்கு." தலையில் கை வைத்துக்கொண்டார். "மாசக்கணக்கா பார்த்தோமே, ஒருநாளும் இது வரலையே..."

சொல்லிக்கொண்டே திரும்பி கல்லக்காவைப் பார்த்தார். அந்த முகம் அப்போதும் அப்படியேதான் இருந்தது, ஒரு சுருக்கம் இல்லாமல். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, உலகத்துக்கெல்லாம் ஆகும் என்று நம்பியிருக்கிறார்கள்.

"நான்தான் ஒரே ஆளை வச்சுப் பார்த்துட்டேன். என் தப்பு" என்றார் இன்ஜினியரம்மா.

கல்லக்காவுக்கு விளங்கியது அதற்கு மேலும் ஒன்று. இறுகிக் கிடக்கிற அந்த முகம் அவள் சொல்லிக் கொடுத்தது. வாரம் முழுக்கக் கூடத்தில் படுக்க வைத்துச் சொல்லிக் கொடுத்தது. சும்மா விட்டிருந்தால் அவன் தலை ஆடியிருக்கும், வில்லையும் கூடவே ஆடியிருக்கும், இயந்திரம் பின்னாலேயே போயிருக்கும். இவள் கெட்டிக்காரி, முகத்தை முறுக்க வைத்துவிட்டாள். தன் மேலேயே வந்த கோபத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

தம்பியை வெளியே இழுத்து உட்கார வைத்தார்கள். படம் வரவில்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

"உங்க முகத்துல ஆடாத இடம் எதுங்க? அங்க ஒட்டிப் பார்க்கலாம்" என்று கேட்டார் இன்ஜினியரம்மா.

"பயணிகளின் கவனத்திற்கு" என்று கம்மிய குரலில் ஆரம்பித்தான் அவன். "முகத்துல எல்லாமே ஆடும். பல்லு மட்டும்தான் இன்னும் ஆட ஆரம்பிக்கல. வயசாகட்டும், அதுவும் ஆடிடும்."

அலாரம் சிரித்துவிட்டார். இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. "பல்லு" என்றார். "மேல்வரிசைப் பல்லு. அது மண்டை ஓட்டோட இருக்கிறது. பல்லுல மாட்டுறவங்களும் இருக்காங்க. நோயாளிக்குக் கஷ்டமா இருக்கும்னு நான்தான் வேண்டாம்னு வச்சேன்."

அதே கட்டடத்தில் மேலே பல் பிரிவு இருந்தது. அலாரம் சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் படியேறினார். பல் டாக்டர் ஒருவர் குழைத்த மாவு மாதிரி ஒரு பொருளோடு வந்து, தம்பியின் மேல்வரிசையில் அழுத்திப் பிடித்தார். அது சீக்கிரமே இறுகிவிட்டது. கழற்றி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் குச்சியைச் சொருகி, குச்சி நுனியில் கட்டம் போட்ட வில்லையை ஒட்டினார்கள். போட்டுப் பார்த்தபோது தம்பி வாயிலிருந்து ஒரு லாலிபாப் நீட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது.

பல் டாக்டர்தான் முதலில் கேட்டார். "இவருக்கு விழுங்கறது கஷ்டம்னீங்களே. மல்லாக்கப் படுத்து, வாயில இதையும் வச்சுக்கிட்டு, எச்சில் ஊறினா?"

புரை ஏறினால் என்ன ஆகும் என்று கல்லக்காவுக்குத்தான் கண்முன்னால் நின்றது. ரப்பர் பந்தை நம்ப முடியாது, அது வெட்டுக்கெல்லாம் மணி அடிக்கும்.

"நான் உள்ள நிக்கறேன், கால் கட்டைவிரலைப் பிடிச்சுக்கறேன். முடியலன்னா விரலை மடக்கி அப்படியே வச்சுக்கட்டும். வெட்டுன்னா மடங்கி உடனே விட்டுடும். நான் கையைத் தூக்கினா நீங்க நிறுத்துங்க" என்றாள் கல்லக்கா.

அலாரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கிக்கொண்டு, காதுக்கு அடைப்பானைக் கொடுத்தார். தம்பியின் தலைப்பக்கத்தைக் காயில் இடம் கொடுத்த அளவுக்கு உயர்த்தி வைத்தார்.

குழாய்க்குள் தள்ளுவதற்கு முன்னால் தம்பி அவளைப் பார்த்தான். வாயில் அந்தச் சாமானோடு பேச முடியாது. அவள் சொல்லப்போவது என்னவென்று அவனுக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து கேட்டதுதானே. புருவம் நெரிய ஆரம்பித்தது. தாடை இறுகியது.

கல்லக்கா குனிந்தாள். அவள் வாயில் அதுவரை வராத வார்த்தை வந்தது.

"ஆடுடா."

அவன் விழித்தான்.

"நிசமாத்தான் சொல்றேன். இறுக்காதே. விட்டுடு. எப்படி வருதோ அப்படி ஆடு. உன் பின்னாடி வர்றது மெஷினோட வேலை. நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் தப்பு. மறந்துடு."

புருவம் மெல்ல விட்டது. தாடை விட்டது. உடனே தலை ஒரு வெட்டு வெட்டியது. பிடிக்கப் போன கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

சத்தம் ஆரம்பித்தது. அடைப்பானையும் மீறி அது எலும்பில் இறங்கியது. அவள் கையில் தம்பியின் கால் துடித்துக்கொண்டே இருந்தது. விரல் மடங்கும், அவளுக்குத் திக்கென்று இருக்கும், விட்டுவிடும். குழாய்க்குள் அவன் தலை ஆடுவது பாதி தெரிந்தது. அவ்வளவு தாராளமாக அவன் ஆடி அவள் பார்த்ததே இல்லை. இந்த ஆட்டத்துக்கு எந்த இயந்திரம் ஈடுகொடுக்கும்? ஆடாதே என்று கத்த வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கல்லக்காவின் முகம் சுருங்கியதை அன்றைக்குப் பார்த்தவர்கள் யாருமில்லை, எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சத்தம் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. அது பாதியில் இருக்கும்போது கட்டைவிரல் மடங்கியது. விடவில்லை.

அவள் கையைத் தூக்கினாள்.

சத்தம் நின்றது. அலாரம் ஓடிவந்து மேடையை வெளியே இழுத்தார். தம்பிக்குத் தொண்டையில் களகளவென்றது, கண் நிறைந்துவிட்டது. நிமிர்த்தி உட்கார வைத்து, சாமானைக் கழற்றி, முதுகைத் தட்டினாள். இருமினான், துப்பினான், மூச்சு வந்தது.

இன்ஜினியரம்மா வாசலில் நின்றார். "ஒண்ணு கிடைச்சிருக்கு. ஆனா டாக்டர் கேட்டது நின்னுபோன ரெண்டாவது படம். அதுலதான் கட்டியோட ஓரம் தெரியும். போதும்னா போதும். நீங்கதான் சொல்லணும்."

கல்லக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி அந்தச் சாமானை வாங்கித் தானே வாயில் மாட்டிக்கொண்டு படுத்துவிட்டான்.

இரண்டாவது முறை அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றாள். விரலில் ஒரு கண், கண்ணாடியில் ஒரு கண். அந்தப் பக்கம் என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜினியரம்மா திரையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். சத்தம் போய்க்கொண்டே இருந்தது. விரல் மடங்கியது, விட்டது. மடங்கியது. அவள் கை தானாகப் பாதி மேலே போனது. விட்டது. கையை இறக்கினாள். கணினி அறைக் கதவு திறந்து மூளை டாக்டர் பச்சை அங்கியோடு வந்தார். உட்காரவில்லை. திரைப்பக்கம் குனிந்தார்.

சத்தம் நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். வாய் மூடாத அலாரம் வாயை மூடியிருந்தார். டாக்டர் விரலால் திரையில் எதையோ தொட்டு, மெல்ல ஒரு கோடு இழுத்தார். பிறகு இன்னொரு முறை அதே கோட்டை இழுத்தார். கல்லக்கா காதடைப்பானைப் பிடுங்கினாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"அம்மா, கேக்குதா? நடுவுல சந்து இருக்கு. மெல்லிசுதான், ஆனா முழுசா இருக்கு. ஒட்டல. எடுத்துடலாம்."

அவள் தலையை ஆட்டினாள். அலாரம் வந்து மேடையை வெளியே இழுத்தார். தம்பி வாயிலிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தான். காதடைப்பான் இருந்ததால் டாக்டர் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கவில்லை. அக்காவின் முகத்தில் கண்ணீரைப் பார்த்ததும் பயந்துபோனான்.

"ஆடிட்டேனாக்கா?"

பள்ளிக்கூடத்துப் படக்காரர் துணியை விலக்கியபோதும் இப்படித்தான் கேட்டான். முதல் ஸ்கேனிலும் கேட்டான், இரண்டாவதிலும் கேட்டான். இத்தனை வருஷமும் அவள் பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்ட கேள்வி அது.

"ஆடினேடா" என்றாள். "ஒரு நிமிஷம் நிக்காம ஆடினே. ஆனாலும் படத்துல விழுந்துட்டே."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தான். சிரிப்பில் தலை இன்னும் வேகமாக வெட்டியது. கல்லக்கா தன் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, அவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.